மதுரையின் வெளி வீதிகள் குறித்து ஒரு திருத்தம்

ஆடி வீதியிலிருந்து வெளி வீதி வரை மதுரையில் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த சதுர வீதிகள் யாவும் ஒரே காலத்தில், சங்க காலத்திலேயே வகுக்கப்பட்டவை என்று இந்த இணைய உரையாடல் திரியில் சொல்லப்பட்டு, பலராலும் பகிரப்பட்டும் வருகிறது. அன்புகூர்ந்து ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன்: வெளி வீதிகள் பழந்தமிழர் வகுத்தவை அல்ல. நாயக்கர் காலக் கோட்டை மதிலும் அகழியும் நகரைச் சூழ்ந்திருந்த இடத்தில், 1840களில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்த பிறகே அவை உருவாயின. நகரம் தன் எல்லையை வெளியே தள்ளி விரிந்த அந்தக் கட்டத்தை, எனக்குப் பிடித்த மதுரையின் வரலாற்றிலிருந்து நாம் மறைத்துவிடக் கூடாது.

இதைச் சரிபார்க்க நூலகம் தேவையில்லை. மாசி வீதியைத் தாண்டி வெளி வீதியை நோக்கி நடந்தால் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்ப் பலகைகளைக் காணலாம். இவை மதிலை அகற்றி வீதி அமைக்கும் பணியில் ஈடுபட்ட இருவரின் பெயர்கள். உள்ளே இருக்கும் சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகளோ விழா மாதங்களின் பெயரைத் தாங்கியவை என்பதால், பெயரிலேயே கால வேறுபாடு புலப்படுகிறது. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சி நிற்கும் கோட்டைப் பகுதியையும், பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணையும் பார்த்துவிட்டு, வெளி வீதிகளை வரைபடத்தில் தொடர்ந்து பாருங்கள்; பழைய மதில் சென்ற சுற்று தெரியும்.