ஓத அட்டவணை இல்லாமல் புறப்பட வேண்டாம்

கட்டுரையாளருக்கு வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடற்கரையில் நடந்து, கூடாரமடித்துத் தங்குவதைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடலின் ஏற்றவற்றத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. அங்கே நடப்பவரின் பொழுதைத் தீர்மானிப்பது, கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணைதான். கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைமுனைகள் சிலவற்றை நீர் வற்றியிருக்கும்போது மட்டுமே சுற்றிச் செல்ல முடியும். நேரம் தவறினால் முன்னே அலையும் பின்னே செங்குத்துப் பாறையுமாக நடுவில் சிக்கிக்கொள்ள நேரும். நீர் வற்றினாலும் சுற்ற இயலாத முனைகளுக்குக் காட்டின் வழியே மேலேறும் பாதைகள் உண்டு. கரையோர மரங்களில் கறுப்பும் சிவப்புமாக அறைந்திருக்கும் வட்டப் பலகைகளே அவற்றின் அடையாளம். சில இடங்களில் சேறு படிந்த கயிற்றைப் பற்றித்தான் ஏற வேண்டியிருக்கும்.

உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்திருக்கலாம். கரையில் கரடியைவிட ரக்கூன் என்னும் சிறு விலங்குகளின் தொல்லையே அதிகம் என்பதால், பற்பசை, சோப்பு உட்பட மணமுள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்.

கடல் நீர்நாய்களின் படத்தை வெளியிட்டமைக்கு நன்றி. உரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு இக்கரையிலிருந்து அற்றுப்போன அவ்வுயிரினம், 1969, 1970ஆம் ஆண்டுகளில் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழியாகவே மீண்டும் பெருகியது என்பதை வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். இப்பூங்காவின் ஷை ஷை கடற்கரைக்கு வடக்கிலிருந்து செல்வோர் மக்கா (Makah) என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் நிலத்தைக் கடப்பதால், பூங்கா அனுமதியோடு அவர்களுடைய அனுமதிச்சீட்டையும் வாங்க வேண்டும்.