ஆமாங்க, மறுபடியும் திருச்சிதான்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னை–திருச்சி விமானம் ஓட்டும் பைலட் நான்; என் படத்துக்குக் கீழே வந்த அந்தக் கமென்ட்டை நான் அழிக்கவில்லை. எழுதியவரே எடுத்துவிட்டார். அதனால் "ஒரு கேள்வியைக்கூடத் தாங்க மாட்டீங்களா" என்று இன்பாக்ஸில் பாடம் எடுக்கும் அண்ணன்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.

"மறுபடியும் திருச்சியா மேடம்? தினம் அதே ரூட், அதே ரன்வே. போரடிக்கலையா? டவுன் பஸ்லயாவது ஆளுங்க மாறுவாங்க." இவ்வளவுதான் அவர் கேட்டது. எங்களுக்கும் ஆட்கள் மாறுகிறார்கள் சார். ஏறியவர்களையே திரும்பத் திரும்பச் சுற்றிக் காட்ட இது ராட்டினம் கிடையாது.

டவுன் பஸ் என்றதில் எனக்கு வருத்தமே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து காலை எட்டரை மணிக்கு ஒரு பஸ்ஸை வெளியே எடுத்துப் பாருங்கள், அப்புறம் அந்த வேலையைப் பற்றிப் பேசலாம். எனக்குச் சுருக்கென்று பட்டது அந்தப் "போரடிக்கலையா"தான்.

போரடிப்பதில்லை. போரடிக்க நேரமே இல்லை.

சென்னையிலிருந்து திருச்சி வான்வழியில் 300 கிலோமீட்டர்கூட வராது. நான் ஓட்டும் ஏடிஆர், அதாவது புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்வரை காக்பிட்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஏறுவது, இறங்குவது போக நடுவில் மிஞ்சுவது இருபது நிமிஷம். அதற்குள் திருச்சி வானிலை வாங்கணும், லேண்டிங் கணக்குப் போடணும், பிரீஃபிங் முடிக்கணும், கேபினுக்குச் சொல்லணும். கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் குடித்து முடித்தால் அன்றைக்கு நல்ல நாள்.

உடனே ஒருத்தர் வருவார்: "அதான் ஆட்டோபைலட் இருக்கே?" இருக்கிறது. சொன்னதைச் செய்யும், எதைச் செய்யணும் என்று சொல்ல ஆள் வேண்டும். அது போக, ஏடிஆரில் ஆட்டோ த்ராட்டில் கிடையாது. பெரிய ஜெட்களில் வேகத்தை மிஷினே பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு பவர் லீவர் கையில்தான். ஜெட்காரர்கள் முப்பத்தைந்தாயிரம் அடியில் மேகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார்கள். நாங்கள் அதில் பாதி உயரத்தில், ஐப்பசி மழை மேகத்துக்குள்ளேயே வழி தேடிக்கொண்டு போகிறோம்.

"அதே ரன்வே" என்றவருக்கு இன்னொன்று. மே மாதம் காலையில் மீனம்பாக்கத்தில் மேற்கே பார்த்து இறங்கியிருப்போம். மதியம் கடற்காற்று உள்ளே வந்ததும் அதே ரன்வேயில் கிழக்கே பார்த்து இறங்கச் சொல்வார்கள். காற்று திரும்பும் அந்த அரை மணி நேரத்தில் வரிசையில் மாட்டினால் தெரியும். போகி அன்று காலை வந்தால் புகையில் அந்த ரன்வேயே கண்ணுக்குத் தெரியாது. ஆடியில் திருச்சி காற்று எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள், துணி காயப்போட்டவர்களே சொல்வார்கள். இதில் எது "அதே"?

போரடிக்கிற வேலை எது என்று நான் சொல்லட்டுமா? பதினைந்து மணி நேரம் கடலுக்கு மேலே உட்கார்ந்திருப்பது. நெடுந்தூரம் ஓட்டுபவர்களில் சிலருக்கு, 90 நாளில் மூன்று லேண்டிங் செய்திருக்கணும் என்ற விதியை நிறைவேற்றவே சிமுலேட்டருக்குப் போக வேண்டிவரும். நாங்கள் அந்த மூன்றை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறோம். ஆனால் அவர்களிடம் யாரும் "போரடிக்கலையா" என்று கேட்பதில்லை. "லண்டன் எப்படி இருந்துச்சு" என்று கேட்பார்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 1967 முதல் ஒரு விமான சர்வீஸ் ஓடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் போட்டிருப்பது 2 நிமிஷம். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 வினாடியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். உலகத்திலேயே சின்ன ரூட் அதுதான். அதை ஓட்டிய கேப்டன் ஸ்டுவர்ட் லிங்க்லேட்டர் அந்த இரண்டு தீவுகளுக்கு நடுவே 12,000 முறைக்கு மேல் பறந்தவர். ஊரே அவரைக் கொண்டாடுகிறது. இங்கே இருந்திருந்தால் அவர் படத்துக்குக் கீழேயும் நம்ம ஆள் போய் நின்றிருப்பார்.

சரி, "உங்க கூட ஓட்டுற கேப்டன் ஒருத்தரே போர்னு சொன்னாரே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சொல்லியிருப்பார். எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் அப்படி இருப்பார். அடுத்து.

சின்ன ரூட்டில் இருப்பது போர் கிடையாது, களைப்பு. இரண்டும் வேறு. இதை எத்தனை தடவை எழுதினாலும் யாருக்கும் ஏறுவதில்லை. ஒரே நாளில் சென்னை, திருச்சி, சென்னை, மதுரை, சென்னை. நாலு டேக்-ஆஃப், நாலு லேண்டிங். விடிவதற்கு முன் கிளம்பும் ஃப்ளைட் என்றால் இரண்டரை மணிக்கு எழுந்திருக்கணும். பிரீத்தலைசரில் ஊதணும். மதுரை வெயிலில் தரையில் நிற்கும்போது முதுகு நனையும். மறுநாளும் அதே இரண்டரை.

2008 பிப்ரவரி 13, ஹவாய். ஹொனலுலுவிலிருந்து ஹீலோவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாத ஃப்ளைட், உள்ளே 40 பயணிகள். காலை நேரம். இரண்டு பைலட்டும் தூங்கிவிட்டார்கள். கன்ட்ரோலர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், விமானம் ஹீலோவைத் தாண்டிக் கடலுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, எழுந்து திரும்பி வந்து பத்திரமாக இறக்கினார்கள். விசாரணையில் சொன்ன காரணங்கள்: கேப்டனுக்கு அதுவரை கண்டுபிடிக்கப்படாத ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு), கூடவே அடுத்தடுத்த நாட்களில் விடிகாலை டூட்டி. செய்தி படித்தவர்கள் அன்றைக்கும் "போரடிச்சுத் தூங்கிட்டாங்க" என்றுதான் சிரித்திருப்பார்கள்.

நேபாளத்தின் பொக்ரா விமான விபத்துச் செய்தியை அனுப்பியவருக்கும் இதே பதில். 2023 ஜனவரி 15. காத்மாண்டு–பொக்ரா, அரை மணி நேரம்கூட இல்லாத ரூட். அந்த க்ரூவுக்கு அன்று காலை அதே ரூட்டில் மூன்றாவது செக்டர், அதாவது மூன்றாவது ஒருவழிப் பயணம். இறங்குவதற்காக இறக்கையின் பின்பகுதியை விரிக்கும் ஃப்ளாப் லீவரை இழுக்க வேண்டிய கை, புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை இழுத்துவிட்டது. இரண்டு புரொப்பெல்லரும் உந்துவிசை இழந்தன. 72 உயிர். அதுவும் ஏடிஆர்தான், நான் தினம் கை வைக்கும் அதே லீவர்கள். "பாத்தீங்களா, அலட்சியம்" என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். அது திறந்து இரண்டு வாரமே ஆன புது ஏர்போர்ட், அந்த இறக்கத்தில் வேலைப் பளு அதிகம் என்று அறிக்கை சொல்கிறது. அலுப்பில் நடந்ததாக அதில் எங்கேயும் இல்லை. அந்த அறிக்கை வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் அதை ஒரு வரி கமென்ட்டில் முடித்துவிட்டீர்கள்.

பைலட்டுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கும் விதியை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் அறிவித்தது. அந்த ஜூனிலேயே அமலாகியிருக்கணும். தள்ளிப்போனது. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையில்தான் வந்தது. கூடுதலாகப் பன்னிரண்டு மணி நேரம் தூங்க நாங்கள் பட்ட பாடு அது. அப்போதெல்லாம் இங்கே ஒரு ஷேர்கூட இல்லை. ஃப்ளைட் ரத்தானபோது மட்டும் "பைலட்டுங்களுக்கு ரொம்பத்தான் திமிர்."

"லட்சத்துல சம்பளம் வாங்கிட்டு அழறீங்க." இதற்குத்தான் நிறைய லைக் விழுந்திருக்கிறது. அப்பா மண்ணச்சநல்லூர் வீட்டை அடகு வைத்து என்னைப் படிக்க வைத்தார். படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை வட்டி மட்டும் கட்டினோம். அதற்கு யாராவது லைக் போட்டீர்களா? சம்பளம் நல்ல சம்பளம்தான், இல்லை என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவளுக்குக் களைப்பு வரக்கூடாது என்று எந்த ரோஸ்டரிலும் எழுதவில்லையே.

உண்மையில் யாரும் என் போரைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேட்பதில்லை. சின்ன ரூட், சின்ன பிளேன், அதனால் சின்ன வேலை. இதைத்தான் மரியாதையாகச் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். எங்கள் பெரியம்மா சுற்றி வளைக்க மாட்டார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சாப்பிடும் பந்தியில் நாலு பேர் முன்னால், "இன்னும் திருச்சி மதுரைதானா கண்ணு? அமெரிக்காவுக்கு எப்ப அனுப்புவாங்க?" என்பார். பெரியம்மா, எங்கள் விமானம் அமெரிக்காவுக்குப் போகாது. யாழ்ப்பாணம் வரைக்கும் போகும். வர்றீங்களா?

பெரியம்மாவாவது பாசத்தில் கேட்கிறார். போன மாதம் வீட்டுக்கு ஒரு வரன் வந்தது. பையனுடைய அம்மா எல்லாம் விசாரித்துவிட்டு, அம்மாவிடம் தணிந்த குரலில், "ஃபேன் வெச்ச பிளேன்தான் ஓட்டுறாளாமே? ஜெட்டுக்கு மாறுனதுக்கு அப்புறம் பேசுவோமா?" என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பையன் சாஃப்ட்வேர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏதோ ஒரு வங்கியின் ஒரே அப்ளிகேஷனுக்கு சப்போர்ட் பார்க்கிறாராம். போரடிக்கலையா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.