நடுப்பகல் வீண் இல்லை
முழுநாள் சஃபாரியில் பகல் 11 மணியிலிருந்து 3 வரை புலி தூங்கும், அந்த நேரத்துக்குக் கட்டுகிற பணம் வீண் என்று புலி சஃபாரி பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது குளிர்காலத்துக்கு வேண்டுமானால் சரி. கோடையில் அப்படியில்லை. ராஜஸ்தானின் ரணதம்பூர் புலிக் காட்டில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது புலி பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கி, தலை மட்டும் தெரிய வெகுநேரம் கிடக்கும். நாங்கள் போனபோது, அரைநாள் ஜீப்கள் வெளியேறிய பிறகு குட்டையோரம் எங்களைத் தவிர இன்னொரு வண்டிதான் இருந்தது. வழிகாட்டி இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் காட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். புள்ளிமான் எதற்கெடுத்தாலும் கத்தும், கடமான் விடாமல் கத்தினால் பக்கத்தில் புலி இருக்கிறது என்று நம்பலாம் என்றார், அப்படியேதான் ஆனது. ஆனால் ஒன்று, முழுநாள் சஃபாரிக்குச் செலவு மிக அதிகம், முதுகும் போய்விடும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அப்புறம், மேலே கருத்துகளில் ஒருவர் ‘ஓசூரில் இல்லாத காடா, யானை இங்கேயே வருகிறதே’ என்று கேட்டிருக்கிறார். வரத்தான் செய்கிறது, ராகி விளையும் சமயத்தில் பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக. பரண்மேல் இரவெல்லாம் விழித்திருக்கும் தேன்கனிக்கோட்டை விவசாயியிடம் போய் அதைச் சுற்றுலா என்று சொல்லிப் பாருங்கள்.