மலிவு முனைகளும் அச்சிடப்படாத அளவுகளும்

வெட்டவும் தேய்க்கவும் துளையிடவும் உதவும் கையடக்கச் சுழல்கருவிக்கு மலிவான முனைகளை வாங்குவோரை அதிகம் அலைக்கழிப்பது விலையன்று, கருவிக்குள் செருகும் தண்டின் விட்டத்தை உறையில் தெளிவாக அச்சிடாத வழக்கமே. இக்கருவிகளில் பரவலாக உள்ள அளவு 3.2 மி.மீ.; ஆனால் வைரத்தூள் பூசிய மலிவு முனைகளில் 3 மி.மீ. தண்டும், பல் மருத்துவர்களும் பொற்கொல்லர்களும் பயன்படுத்தும் 2.35 மி.மீ. தண்டும் விற்கப்படுகின்றன. தண்டை இறுகப் பிடிக்கும் வளையமான காலெட், 3.2 மி.மீ. அளவினதாக இருக்க, அதில் அவற்றைப் பொருத்தினால் பிடி நழுவும், அல்லது முனை மையம் விலகி அதிரும். நிமிடத்துக்கு 30,000 சுற்றுகள் வரை ஓடக்கூடிய கருவியில் இது சிறு குறையன்று.

நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் என்று விளம்பரப்படுத்தப்படும் பெட்டியில் பெரும்பகுதி உப்புத்தாள் வட்டுகளும் உருளைகளுமே. உண்மையில் விரைவாகத் தீர்ந்துபோகும் வெட்டு வட்டுகளோ, கண்ணாடியிழை வலுவூட்டல் இல்லாமையால், சற்றே சாய்த்துப் பிடித்தாலும் உடைந்து தெறிக்கின்றன. பாதுகாப்புக் கண்ணாடி அணியத்தான் வேண்டும், அது வேறு; ஆயினும் முகத்துக்கு அருகே சுழலும் ஒரு பொருளை, அது தாங்கும் உச்ச வேகத்தைக்கூடக் குறிப்பிடாமல் விற்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? விட்டமும் வேகமும் அச்சிட்ட பத்து முனைகளை மட்டும் நியாயமான விலையில் தந்தால் போதும். அந்த எளிய பொட்டலம்தான் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை.