சனிக்கிழமையைச் சும்மா விடுங்கள்

எங்கள் ஊரிலிருந்து ஆண்டுதோறும் புனிதப் பயணம் போகிறவர்களைப் பார்க்கிறேன். ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து மூன்றையும் பத்தே நாளில் சுற்றிவிட்டுக் கால் வீங்கி வந்து இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காகச் சேர்த்த காசு, வாழ்க்கையில் ஒரே தடவை போவது. ஓர் இடத்தையும் விட மனசு வராதுதான். 2019 மார்ச்சில் நான் கிளம்பியபோதும் அப்படித்தான் பட்டியல் போட்டிருந்தேன்: வெள்ளி எருசலேம், சனி மசாதா கோட்டையும் சாக்கடலும்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த மூன்று பேர் நாங்கள். ஒருத்தி டெல் அவிவுக்குத் தெற்கே ரெஹோவோத் ஊரில், வைஸ்மன் அறிவியல் நிலையத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி லண்டனிலிருந்து வந்து சேர்ந்தாள். என் பட்டியலைப் பார்த்ததும் ரெஹோவோத்காரி சொன்னாள்: “சனிக்கிழமை பஸ்ஸே ஓடாதுடி. எங்கே போவே?”

இஸ்ரேலில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி சூரியன் மறைவதற்கு முன் தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாள், சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை நீளும். ரயில் கிடையாது. பெரும்பாலான ஊர்களில் பஸ் கிடையாது. இஸ்ரேலின் எல் அல் நிறுவன விமானம்கூடப் பறக்காது. ஹைஃபா போன்ற சில ஊர்களில் மட்டும் கொஞ்சம் பஸ் உண்டு. எனக்குக் கோபமாகத்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு நாளை வீணாக்குவதா?

வெள்ளி மதியம் சந்தைக்குப் போனோம். கடை மூடும் நேரம் நெருங்க நெருங்க விலை இறங்கியது. ஸ்ட்ராபெரி, தக்காளி, பின்னல்போல முறுக்கிய ஹல்லா ரொட்டி எல்லாம் வாங்கினோம். கடைக்காரர்கள் “ஷபாத் ஷலோம்” என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே கதவை இறக்கினார்கள். பிறகு தெரு அடங்கியது. இரவு மூன்று பேரும் ரசம் வைத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சனி காலை கீழ் வீட்டு அம்மா கூப்பிட்டு விட்டார். ஏமனிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம்; ரெஹோவோத்தில் அவர்கள் நிறைய. மேசையில் ஜஹ்னுன் இருந்தது. மாவை வேட்டிபோல மெல்லிசாக இழுத்து, கொழுப்புத் தடவிச் சுருட்டி, பானையில் அடுக்கி, மேலே முட்டைகளை ஓட்டோடு வைத்து, வெள்ளி மாலையே அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். மெல்லிய சூட்டில் ராத்திரி முழுக்க வேகும். காலையில் சுருள்கள் கருப்பட்டி நிறத்தில் இருந்தன. முட்டை ஓட்டை உரித்தால் உள்ளே வெள்ளைக்கருவும் பழுப்பேறியிருந்தது. துருவிய தக்காளியும் ஸூக் என்கிற காரமான பச்சைத் துவையலும் தொட்டுக்கொள்ள. கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் நாக்கில் பட்டதும் லண்டன்காரி, “எங்க ஆச்சி அரைச்ச மாதிரியே இருக்கு” என்றாள்.

அந்த அம்மா எழுந்து ஓடவில்லை என்பதுதான் என் மனசில் நின்றது. எங்களோடு உட்கார்ந்து கடைசிவரை சாப்பிட்டார். ஓய்வுநாளில் சமைக்கக் கூடாது என்பதால் எல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவருக்கு இரட்டை வேலை, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் நம் வீடுகளில் ஞாயிறு என்றால் கறிக்குழம்பு, விருந்தாளி, பாத்திரம் என்று வாரத்திலேயே அதிகமாக வேலை பார்ப்பது அம்மாக்கள்தான். என் அம்மா விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பஸ்ஸை நிறுத்துவது சரியா என்று தோழியைக் கேட்டேன். காரில்லாத மாணவர்களும் கூலித் தொழிலாளிகளும் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியிருக்கிறது, அது அநியாயம் என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஓய்வு எல்லோருக்கும் வேண்டும். அதற்காக ஏழையின் வழியை அடைக்கக் கூடாது.

மதியம் ஆரஞ்சுப் பூ வாசத்தில் நடந்தோம். ஒரு புல்வெளியில் படுத்தோம். போக இடமில்லை, பார்க்க மணியில்லை. அப்போதுதான் லண்டன்காரி தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அம்மா போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை போனில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம், அவள் அதைத் தொட்டதே இல்லை. இருட்டும்வரை பேசினாள். நாங்கள் இருவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மசாதா போயிருந்தால் அதைக் கேட்டிருக்க மாட்டோம். சாக்கடலை நான் இன்றுவரை பார்க்கவில்லை, அதில் வருத்தமும் இல்லை.

எபிரேயத்தில் கிழமைகளுக்குப் பெயர் கிடையாது. ஞாயிறு ‘முதல் நாள்’, திங்கள் ‘இரண்டாம் நாள்’ என்று எண்தான். ஏழாவது நாளுக்கு மட்டும் பெயர் இருக்கிறது, ஷபாத். ஞாயிறு காலை, அதாவது முதல் நாள், தோழி ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு அந்தக் கீழ் வீட்டு அம்மாவை அடிக்கடி நினைக்கிறேன். காசாவில் அடுப்போடு இடிந்துபோன வீடுகளின் அம்மாக்களையும் சேர்த்தே நினைக்கிறேன். போய்வரக் கூடிய காலம் திரும்பினால், போகிறவர்கள் ஏஜென்டிடம் பேசி ஒரு சனிக்கிழமையைக் காலியாக விடச் சொல்லுங்கள். அடுப்பு உள்ள அறையாகப் பாருங்கள். வெள்ளி மதியத்துக்குள் காய்கறி வாங்கிவிடுங்கள். அரபு மக்கள் வாழும் நாசரேத்தில் தங்கினால் சனிக்கிழமையும் கடை இருக்கும். அங்கே பல கடைகள் மூடுவது ஞாயிறுதான்.