மலிவான விலைப்புள்ளியும் அஞ்சும் அதிகாரியும்

அரசைச் சட்டம் இயற்றுவதாகவும் வரி வசூலிப்பதாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய நாம், அதுவே மிகப் பெரிய வாடிக்கையாளர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுக் கொள்முதல், அதாவது அரசு அமைப்புகள் பொருள்களும் சேவைகளும் வாங்கச் செலவிடுவது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 14 விழுக்காடு. இவ்வளவு பணத்தோடு வருபவர் எதைக் கேட்கிறாரோ அதைச் சந்தை தயாரித்தே தீரும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தன் அலுவலகங்களுக்கு வாங்கும் கணினிகள் எனர்ஜி ஸ்டார் தரத்தின்படி மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று 1993-இல் அதிபர் ஆணை பிறப்பித்தார். அரசுக்கு ஒருவகை, மற்றவர்களுக்கு வேறுவகை என்று தயாரிப்பது கட்டுப்படியாகாது என்பதால், அந்த வசதி பொதுச் சந்தைக் கணினிகளுக்கும் பரவியது.

பிறகு ஏன், வாங்கும் பலத்தைக் கொண்டு பொறுப்பான தொழிலை அரசு ஊக்குவிப்பது எங்கும் வழக்கமாகவில்லை? குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற விதியைத்தான் நான் முதலில் குறை சொல்வேன். பார்வைக்கு அது நடுநிலையானது. ஆனால் உரிய கூலியைத் தராதவரும், கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியேற்றுபவரும், அப்படி மிச்சம் பிடித்த தொகையை விலைக்குறைப்பாகக் காட்டி வெல்வதற்கு அது இடம் கொடுக்கிறது. முறையாகத் தொழில் செய்பவர் ஒப்பந்தப்புள்ளியைச் சமர்ப்பிக்கும்போதே தோற்றுவிடுகிறார்.

கொள்முதல் அதிகாரியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடுதல் விலை கொடுத்து நல்ல பொருளை வாங்கினால் தணிக்கையில் ஆட்சேபனை எழும்; மலிவாக வாங்கியது இரண்டே ஆண்டுகளில் பழுதானாலோ அந்தச் செலவு பராமரிப்பு என்ற வேறு கணக்குத் தலைப்பில் போய்விடும், அவரை யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே அவருக்குத் தேவை சுற்றுச்சூழல் குறித்த பயிற்சி வகுப்பு அன்று, தணிக்கையின் முன் காட்டத்தக்க ஒரு கணக்கு. வாங்கும் விலையோடு மின்சாரம், பராமரிப்பு, இறுதியில் அப்புறப்படுத்தும் செலவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆயுட்காலச் செலவு முறை அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 2014-இல் வந்த ஐரோப்பியக் கொள்முதல் நெறிமுறை இதற்கு வெளிப்படையாகவே வழிவிட்டிருக்கிறது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு நெதர்லாந்தின் வடக்கு ஹாலந்து மாகாணத்தில் நடந்ததே சான்று. காப்பி இயந்திரங்களுக்கான ஒப்பந்தத்தில் அந்த மாகாண நிர்வாகம் இயற்கை வேளாண்மைக்கும், விளைவிப்பவருக்கு நியாயமான விலை தரும் நியாய வணிகத்துக்கும் உரிய குறிப்பிட்ட முத்திரைகளைக் கோரியதோடு, ஒப்பந்ததாரர் சமூகப் பொறுப்புடன் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம், தொழில்நுட்ப விவரக்குறிப்பில் இயற்கை வேளாண்மை முத்திரையின் பெயரையே கோரியது தவறு, அதன் பின்னுள்ள அளவுகோல்களை விவரித்திருக்க வேண்டும் என்றது. சமூகப் பொறுப்பு என்ற சொற்றொடரோ ஒப்பந்தப்புள்ளி தருபவர் எதை நிறைவேற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றும் கண்டது. அதே தீர்ப்பு, பொருள் நியாய வணிக முறையில் வந்ததா என்பதை ஒப்பந்தப்புள்ளிகளுக்குத் தரும் மதிப்பெண்ணில் கணக்கிடலாம் என்பதையும் ஏற்றது. கொள்கை ஆவணங்களில் அழகாக ஒலிக்கும் சொற்கள் ஒப்பந்த விதிக்குள் வரும்போது அளக்கத்தக்கவையாக மாறியாக வேண்டும். எத்தனை அரசாணைகளின் முகவுரைகள் இந்தச் சோதனையில் தேறும் என்பதில் எனக்கு ஐயம்தான்.

சான்றிதழ்களைப் பெருக்கினால் அதற்குச் செலவிட முடியாத சிறு நிறுவனங்கள் வெளியேறிவிடும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அவற்றுக்குக் கதவைத் திறக்க வேறு வழிகளும் இருக்கின்றன: பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப வேளாண்மை செய்வோரிடம் வாங்க வேண்டும் என்று பிரேசில் 2009-இல் சட்டம் செய்தது. ஆனால் சிறு நிறுவனத்தை உண்மையில் விரட்டுவது, பொருளை ஒப்படைத்த பின் மாதக்கணக்கில் நகராத பில்தான். கூலியை ஒழுங்காகத் தருபவருக்கே அந்தத் தாமதம் முதலில் வலிக்கும். அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் சேர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே நெறிமுறை வகுத்தது. பொறுப்பான தொழிலை ஊக்குவிப்பதாகச் சொல்லும் எந்த அரசும் முதலில் தன் நிலுவைப் பட்டியலை வெளியிடட்டும்.