மூடியில் 250, உள்ளே 230

கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்கு அப்புறம் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் மரம் அறுக்கும் மெஷின் இல்லாத தெருவே இல்லை என்று ஆகிவிட்டது. விழுந்த தென்னையை அறுத்துத் தள்ளினால்தான் தோப்புக்குள் கால் வைக்க முடியும் என்ற நிலை. அரிவாளையும் கோடாலியையும் வைத்து எத்தனை நாளைக்கு மாரடிப்பது? ஆளாளுக்குக் கிடைத்த விலைக்கு ஒன்று வாங்கினார்கள். அதில் பல மெஷின்கள் இன்றைக்கும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. போன வருடம் அப்படி ஒன்று என் கைக்கும் வந்தது.

ஸ்டில் கம்பெனி மெஷின். விற்றவர், "எம்எஸ் 250 தம்பி, பிளக் மட்டும் மாத்திக்க, ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். இன்ஜின் மேல் மூடியிலும் 250 என்றுதான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கயிற்றை இழுத்தால், வாளி கட்டாத கிணற்றுக் கயிறு மாதிரி லொடலொடவென்று வருகிறது. கம்ப்ரஷனே இல்லை, அதாவது உள்ளே காற்று அழுந்தவே இல்லை. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுக நெடுகக் கீறல். செகண்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதை விற்பவர் முன்னாலேயே செய்துவிடலாம். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிஷமும் போதும். சைலன்சரில் கை வைத்ததும் விற்பவர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, பிஸ்டன்தானே, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இந்த வகை மெஷினில் சிலிண்டரை மட்டும் தனியாகத் தூக்க முடியாது. மேலே சிலிண்டர், கீழே ஒரு தட்டு, இரண்டுக்கும் நடுவில் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க். நாலு போல்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இன்ஜினையே முழுசாக வெளியே எடுத்தால்தான் பிஸ்டனை அளக்க முடியும். அந்தச் சோம்பலில், பிரிப்பதற்கு முன்பே பிஸ்டனுக்குப் பணம் கட்டிவிட்டேன். 250 என்றால் பிஸ்டன் விட்டம் 42.5 மில்லிமீட்டர், இதில் என்ன சந்தேகம்? பார்சல் வந்தது. இன்ஜினைப் பிரித்து, சிலிண்டரில் வைத்துப் பார்த்தால் வாயிலேயே நிற்கிறது. வெர்னியர் அளவுகோலை வைத்தேன். சிலிண்டர் 40.

நடந்தது இதுதான். ஸ்டில்லின் 021, 023, 025 மூன்றும் அண்ணன் தம்பிகள். பிற்பாடு இவற்றுக்கே எம்எஸ் 210, 230, 250 என்று பெயர் வந்தது. மூன்றின் பாக எண்களும் 1123 என்றுதான் தொடங்கும். கூடு, மூடி, கைப்பிடி என்று பலதும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 230, 250 இரண்டிலும் 32 மில்லிமீட்டர்தான். ஆனால் போர் (bore) என்கிற சிலிண்டர் உள்விட்டம் 230-க்கு 40, அதாவது 40.2 சிசி, 250-க்கு போர் 42.5, அதாவது 45.4 சிசி. என் மெஷினில் யாரோ உடைந்த மூடிக்குப் பதில் 250-இன் மூடியை மாட்டியிருக்கிறார்கள். ஏமாற்றத்தான் மாட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். தோப்பில் வேலை நிற்கும்போது கையில் கிடைத்த மூடியைத்தான் எவரும் மாட்டுவார்கள். கூட்டில் வார்த்திருக்கும் 1123-ஐப் பார்த்து நானும் திருப்தியாகிவிட்டேன். அந்த எண் எந்தக் குடும்பம் என்று மட்டும்தான் சொல்லும், அண்ணனா தம்பியா என்று சொல்லாது.

பாகம் விற்கும் எந்தக் கடையிலும் முதல் கேள்வி "என்ன மாடல்?" என்பதுதான். இணையத்திலும் மாடல் பெயரைப் போட்டுத்தான் விற்கிறார்கள்; அளவு எங்கேயோ அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். ஐந்து கை மாறிய மெஷினுக்கு மாடல் என்று ஒன்று இருக்கிறதா என்ன? மாடல் பெயர் சரியாகவே இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது. ஸ்டில் 044-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின் 10 மில்லிமீட்டர், பிறகு வந்தவற்றில் 12. பெயர் அதே 044 தான். ஹஸ்க்வர்னா கம்பெனி மெஷினில் சீரியல் எண்ணின் தொடக்கத்திலேயே தயாரித்த வருடமும் வாரமும் இருக்கும், அதைக் கடைக்காரரிடம் சொன்னால் கொஞ்சம் உதவும். அதுவும் கூடு பிறந்த தேதிதான். உள்ளே சிலிண்டர் எப்போது மாறியது என்று அதற்குத் தெரியாது.

அதனால் பிரித்துவிட்டே அளங்கள். பிஸ்டனை அளக்கும்போது சிலிண்டரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், 39.9 சொச்சம் வந்தால் அது 40. சிலிண்டரையும் தனியாக அளந்துவிடுங்கள். அப்புறம் பின் எத்தனை மில்லிமீட்டர், ரிங்கின் கனம் 1.2-ஆ 1.5-ஆ என்று பாருங்கள். முக்கியமாக, பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரைக்கும் உள்ள உயரம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இது கூடினால் பிஸ்டன் மேலே போய் முட்டும், குறைந்தால் கம்ப்ரஷன் போய்விடும். பழையதையும் புதியதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலே பாதி தெரிந்துவிடும். போடும்போது தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

பெயர் தெரியாத மலிவு மெஷின்களின் கதை இன்னும் வேடிக்கை. பக்கத்துத் தோப்பு அண்ணன் 58 சிசி என்று எழுதிய ஒன்றைக் கொண்டுவந்தார். போர் 45. அந்த போரில் 58 சிசி வர வேண்டுமானால் ஸ்ட்ரோக் 36 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். இருந்தது 33 கூட இல்லை. கணக்குப் போட்டால் 52-ஐத் தாண்டுவதே பெரிய பாடு. "அப்ப ஆறு சிசி எங்கடா போச்சு?" என்று கேட்டார். பெட்டியிலேயே இருக்கும் அண்ணே என்றேன்.

சரியான பிஸ்டன் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று மாட்டிவிடாதீர்கள். பழையது ஏன் செத்தது? என்னுடையதில் கீறல் முழுக்க சைலன்சர் பக்கம். ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றினாலும் இப்படி ஆகும், எங்காவது காற்று உள்ளே கசிந்து பெட்ரோல் போதாமல் ஓடினாலும் ஆகும். கிராங்க்கின் ஒரு பக்கத்தில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், காய்ந்து வெடித்திருந்தது. அதை மாற்றாமல் இருந்திருந்தால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போயிருக்கும். எப்படியும் கிராங்க் கைக்கு வருகிறது, இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றிவிடுவதுதான் புத்தி. சிலிண்டரில் ஒட்டியிருந்தது பிஸ்டனின் அலுமினியம்தான், பூச்சு போகவில்லை. கழுவித் துடைத்து அதையே வைத்துக்கொண்டேன். மலிவு சிலிண்டர்-பிஸ்டன் செட் வாங்கிப் போட்டு ஒரிஜினல் சிலிண்டரைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கார்புரேட்டருக்கும் இதே கதைதான். மெஷின் பெயரைச் சொல்லாதீர்கள். வால்ப்ரோ, ஜாமா என்று எந்தக் கம்பெனி கார்புரேட்டரானாலும் அதன் உடம்பில் எண் குத்தியிருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள்.

இப்போது மெஷின் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயிலோடு நன்றாக ஓடுகிறது. மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் "போர் 40" என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கு அடுத்து வாங்குபவருக்காக. அந்த 42.5 பிஸ்டன் பெட்டி பிரிக்காத குறையாக அலமாரியில் இருக்கிறது. வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். மெஷினைப் பிரித்து அளந்துவிட்டு வாருங்கள்.